உருவும் உரையும்: சிறுவர் அறிவுப் பட நூல்கள்

குழந்தை இலக்கியம் என்றவுடன் பாட்டும் கதையுமே தமிழர் நினைவில் முந்தி நிற்கின்றன. மூன்றாவதாக ஒன்று உண்டு. கற்பனை கலவாத செய்தியைப் படத்தாலும் உரையாலும் சிறுவர்க்கு எடுத்துரைக்கும் நூல் அது. பாட்டுக்கும் கதைக்கும் திறனாய்வாளர் உளர். இதனையோ பாடநூலின் தம்பி என ஒதுக்கிவிடுவதால் ஆராயப் புகுவோர் அரியர்.

இவ்வகை நேற்றுத் தோன்றியதன்று. ஆசிரியப் பயிற்சி பெற்றோர் பெயரளவிலேனும் அறிந்த கொமேனியஸ் 1658-ஆம் ஆண்டு நூரெம்பெர்க் நகரில் வெளியிட்ட பட நூலை இதன் மூதாதை எனலாம். மரச்செதுக்குப் படங்களில் காணும் பொருள்கள்மீது எண்கள் இடப்பட்டிருந்தன; அதே எண்கள் இலத்தீன், ஜெர்மன் ஆகிய இருமொழி உரையிலும் இடம்பெற்றன. பிள்ளையின் கண் படத்திற்கும் சொல்லுக்கும் இடையே மாறி மாறிச் சென்று வர அவ்வெண்களே பாலமாயின. படம் ஏட்டுக்கு அழகூட்ட வந்ததன்று, வாக்கியத்தின் மறுபாதி என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

அண்மைக் காலத்தில் இவ்வுண்மையை நன்கு பயன்கொண்டவர் அமெரிக்கரான ஸ்டீவ் ஜென்கின்ஸ் (1952–2021). வண்ணத் தாள்களை வெட்டியும் கிழித்தும் ஒட்டிப் படம் அமைப்பது அவர்தம் முறை. 2004-இல் வெளிவந்த 'ஆக்சுவல் சைஸ்' என்னும் நூலை 'உண்மை அளவு' எனத் தமிழில் சுட்டலாம். விலங்கு எதுவாயினும் அதன் மெய்யான அளவிலேயே காட்டப்பெறும் என்பதே அந்நூலின் ஒரே விதி. சின்னஞ்சிறு மீன் பக்கத்தில் முழுதாய் அடங்கிவிடுகிறது. கொரில்லாவுக்கோ கை மட்டுந்தான் இடம் பெறுகிறது. மாபெருங்கணவாயின் கண் ஒன்றே போதுமானதாகிவிடுகிறது. முதலையைக் காண மடித்த ஏட்டை விரிக்க வேண்டியுள்ளது. இந்நூலைப் பெறும் பிள்ளை முதலில் தன் கையைக் கொரில்லாவின் கைமீது வைத்துப் பார்க்கும். 'கொரில்லா மிகப் பெரிய விலங்கு' என்று பத்து முறை எழுதினாலும் அக்கை ஏட்டின்மேல் செல்லுமா? பக்கத்துக்கு ஓரிரு வரிகளே உரை. விரிவான செய்திகள் நூலின் இறுதியில் தனியே தரப்பட்டுள்ளன. எதனைச் சொல்லாமல் விடுவது என்று தெரிந்த எழுத்தாளரின் கை அது.

குறையும் இல்லாமல் இல்லை. ஓரினத்து விலங்குகள் யாவும் ஓரளவின அல்ல. பேருருவங்களைத் தேர்ந்து காட்டி 'உண்மை அளவு' எனப் பெயரிடும்போது, சிறப்பளவைப் பொதுவளவென்று பிள்ளை கொள்ளக்கூடும். காடும் கடலும் இல்லாத வெற்றுத்தாளில் உடல் தெரிகிறது; வாழ்வு தெரியவில்லை.

அந்நூலில் வரும் அட்லஸ் அந்துப்பூச்சி மலேசியப் பிள்ளைகளுக்கு அயலானதன்று. இறக்கை விரித்தால் ஒரு சாணுக்கும் மேற்பட்டு, விளக்கொளியை நாடித் தோட்டப்புற வீட்டுச் சுவரில் வந்தமரும் பூச்சிதான் அது. புழுப் பருவம் முடிந்ததும் அது நூல் நூற்றுக் கூடு கட்டும். வண்ணத்துப்பூச்சிகளில் பெரும்பாலானவையோ அவ்வாறு கட்டுவதில்லை; கடைசித் தோலை உரித்து, கெட்டியான உறையுடன் வெறுமனே தொங்கும். எரிக் கார்லின் புகழ்பெற்ற பசிப்புழுக் கதை (1969) இவ்வேறுபாட்டைக் கருதாமல் கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சியை வெளிவரச் செய்தது. கதையாதலின் பொறுக்கலாம். ஆயின், தமிழில் அறிவு நூலே இவ்விடத்தில் இடறி விழுகிறது. இரண்டிற்கும் 'கூட்டுப்புழு' என்னும் ஒரே சொல்லை வழங்குகிறோம். ஓவியர் அச்சொல்லை நம்பி வண்ணத்துப்பூச்சிக்கும் ஒரு கூடு வரைந்துவிட்டால் பிழை யாருடையது?

எறும்பு நூல்களின் நிலையும் இத்தகையதே. 'எறும்பண்ணா' என்று விளித்து, மீசையும் முண்டாசும் வைத்துப் படம் போட்டு, கடைசி ஏட்டில் சுறுசுறுப்பைப் போதித்து முடிப்பது நம்மவர் வழக்கம். நாம் காணும் உழைப்பாளி எறும்புகள் அனைத்தும் பெண்ணினம். அக்காள் என்றல்லவா அழைத்திருக்க வேண்டும்! அவ்வொரு செய்தியே பிள்ளையை வியப்பில் ஆழ்த்தப் போதும். நீதியை ஒட்டவைக்கும் அவசரத்தில் வியப்பு தொலைந்துவிடுகிறது.

பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளில் வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம், அறிவுச்செய்தியை எளிய தமிழில் தரமுடியும் என்பதை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டிற்று. ஆயினும், கலைக்களஞ்சியம் கேள்வியோடு வரும் பிள்ளைக்கு உரியது. கேள்வியே எழாத ஆறு வயதுப் பிள்ளைக்கு அது எட்டாது. அவ்வயதினர்க்கு எழுதுவோரின் தேவை மலேசியாவில் மிகுதி. 2003-இல் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அக்கொள்கையைக் கைவிட அரசு 2009-இல் முடிவு செய்தது. பாடமொழி திரும்பி வரலாம். புழுவையும் பூவையும் ஆராய ஆங்கிலம், நீதியும் கதையும் கேட்கத் தமிழ் என்று பிள்ளை மனம் பிளந்துவிட்டால், பின்னர் எத்துணை மொழி விழா எடுத்தும் அதனை ஒட்டுதல் அரிது.

பிறமொழி நூல்களைத் தமிழாக்குவது ஒரு வழி. 'உண்மை அளவு' போன்ற நூலில் அப்பணி சொல்லோடு முடிவதில்லை. அங்குலத்தைச் சென்டிமீட்டராக மாற்றியாக வேண்டும். தாள் செலவைக் குறைக்க எண்ணிப் பதிப்பகத்தார் நூலின் நீள அகலத்தைச் சிறிது சுருக்கினாலோ, ஓர் எழுத்தும் மாறாமலேயே நூல் முழுதும் பொய்யாகிவிடும்; கொரில்லாவின் கை பக்கத்து வீட்டுக்காரர் கையளவாகும். அளவுகோலை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குச் செல்ல வேண்டியவர் அந்நூலின் மொழிபெயர்ப்பாளரே.