நாவலின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்

நாவலின் முடிவு அதன் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுவது இரண்டு வகையில் நிகழும். கதைசொல்லி வெளிப்படையாகவே சொல்லிவிடுவது ஒரு வகை. முதல் அத்தியாயங்களில் போகிறபோக்கில் வந்துபோகும் ஒரு பொருளோ பேச்சோ சம்பவமோ, கடைசிப் பக்கத்தை எட்டிய பிறகே தன் முழு அர்த்தத்தையும் காட்டுவது இன்னொரு வகை. பிரெஞ்சு விமர்சகர் ஜெரார் ழெனெத் 1972இல் வெளியான தம் எடுத்துரைப்பியல் ஆய்வில் இவ்விரண்டையும் தனித்தனியே பிரித்துக் காட்டினார். முன்னதை அறிவிப்பு என்றும் பின்னதை விதை என்றும் சொல்லலாம். அறிவிப்பு வந்த இடத்திலேயே வாசகருக்குப் புரிந்துவிடும். விதை முளைத்த பிறகுதான் விதைத்த இடம் தெரியவரும்.

அறிவிப்பு தமிழ் வாசகருக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தின் பதிகம் கோவலனின் கொலையையும் மதுரை எரிந்ததையும் காப்பியம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறது. விடிய விடியக் கூத்துப் பார்ப்பவர்களில் கர்ணன் சாகப்போவது தெரியாதவர் யாருமில்லை. இத்தகைய கதைகளில் 'அடுத்து என்ன?' என்ற கேள்வி விலகி, 'எப்படி இந்த நிலைக்கு வந்தது?' என்ற கேள்வி முன்னால் வருகிறது. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) நாயகன் இறந்த தேதியோடுதான் தொடங்குகிறது: 1960 ஜனவரி 5. அது ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள் என்ற தகவலும் அதே வாக்கியத்தில் இருக்கிறது. சாவுச் செய்தியைவிட இந்த இரண்டாவது தகவல்தான் வேலை செய்கிறது. ஜே.ஜே. என்ற கற்பனை மலையாள எழுத்தாளனை எந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை முதல் வாக்கியமே தீர்மானித்துவிடுகிறது. அதே 1981இல் வந்த கார்சியா மார்க்வெஸின் 'முன்கூறப்பட்ட சாவின் சரித்திரம்' முதல் வாக்கியத்திலேயே சந்தியாகோ நாசாரின் கொலையைச் சொல்கிறது. கடைசிப் பக்கங்களில் அந்தக் கொலையை நேரில் காட்டுகிறது. ஊருக்கே தெரிந்திருந்தும் ஏன் யாரும் தடுக்கவில்லை என்பதுதான் இடையில் உள்ள நாவல்.

விதை இதைவிடக் கடினமான வித்தை. அதற்குச் சிறந்த பாடநூல் டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'. 'ருஸ்கி வெஸ்த்னிக்' இதழில் 1875 முதல் 1877 வரை தொடராக வந்த இந்த நாவலின் நாயகி இறுதியில் ரயில் சக்கரத்தில் விழுந்து இறக்கிறாள் என்பது நூலைப் படிக்காதவர்களுக்கும் தெரிந்த செய்தி. முதல் பாகத்தில் மாஸ்கோ ரயில் நிலையத்தில் ஒரு காவலாளி நசுங்கிச் சாவதையும் விமர்சகர்கள் எல்லாரும் குறிப்பிடுவார்கள். ஆனால் ரயில் அதற்கும் முன்பே வந்துவிடுகிறது. மூன்றாம் அத்தியாயத்தில் அன்னாவின் அண்ணன் ஆப்லான்ஸ்கி காலைக் காபி முடித்து எழும்போது, கதவுக்கு வெளியே அவருடைய பிள்ளைகள் ஒரு பெட்டியை ரயிலாக்கி விளையாடுகிறார்கள். என்னவோ கீழே விழுகிறது. கூரைமேல் பயணிகளை ஏற்றக் கூடாதென்று அப்போதே சொன்னேனே என்று சிறுமி தம்பியை அதட்டுகிறாள். அந்த இடத்தில் இந்தக் காட்சியின் வேலை வேறு: தகப்பனின் கள்ள உறவால் தாய் அறைக்குள் அடைந்து கிடக்க, கவனிப்பாரற்றுத் திரியும் பிள்ளைகளைக் காட்டுவது. அந்த வேலையைச் செவ்வனே செய்துவிடுவதால் வாசகரின் சந்தேகம் அதன்மேல் விழுவதே இல்லை.

பிறகு நிலையக் காட்சி. காவலாளி குடித்திருந்தானோ, கடுங்குளிருக்குத் தலையை இறுக மூடியிருந்தானோ, பின்னோக்கி வந்த ரயிலின் சத்தம் அவன் காதில் விழவில்லை. அப்போதுதான் அறிமுகமான விரான்ஸ்கி, விதவைக்கு இருநூறு ரூபிள் கொடுத்துவிட்டு வருகிறான். உதவி தன் கண்ணில் படுவதற்காகவும் செய்யப்பட்டது என்ற உறுத்தல் அன்னாவுக்கே பின்னால் தோன்றுகிறது. நடந்தது கெட்ட சகுனம் என்று அவள் அண்ணனிடம் சொல்கிறாள். பீட்டர்ஸ்பர்க் திரும்பும் இரவு ரயிலில் அவள் கையில் ஒரு சிவப்புப் பை இருக்கிறது. விளக்கொளியில் ஓர் ஆங்கில நாவல் படிக்கிறாள். ஏழாம் பாகத்தின் முடிவில் சக்கரங்களுக்கிடையே விழப் போகிறவளை ஒரு கணம் தாமதிக்க வைப்பது கையிலிருந்து கழற்ற முடியாத சிவப்புப் பை. அணையும் முன் சட்டென்று சுடர்விடுவதாகச் சொல்லப்படுவது அவள் வாழ்க்கைப் புத்தகத்தைப் படிக்க ஒளி தந்த மெழுகுவர்த்தி.

இந்த ஒற்றுமைகளை எண்ணி வியப்பதோடு பல கட்டுரைகள் நின்றுவிடுகின்றன. கவனிக்க வேண்டியது வேறொன்று. கடைசி நிலையத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நடக்கும் அன்னாவுக்கு, விரான்ஸ்கியைச் சந்தித்த நாளில் நசுங்கிச் செத்த மனிதன் நினைவுக்கு வருகிறான். உடனே செய்ய வேண்டியது புரிந்துவிடுகிறது. அந்தக் காவலாளியின் சாவு அவளுடைய முடிவை முன்கூட்டிச் சொல்லவில்லை; அவளுக்கு ஒரு வழியைக் கற்றுக்கொடுத்தது. சகுனம் என்று எடுத்துக்கொண்டவள் அவள்தான், அதை நிறைவேற்றியவளும் அவள்தான். அமெரிக்க ஆய்வாளர் கேரி சால் மார்சன் இதை வலியுறுத்துகிறார்: விதி என்று நாவலில் தோன்றுவது டால்ஸ்டாயின் நம்பிக்கை இல்லை, அன்னாவின் நம்பிக்கை. இந்த வாசிப்பு நாவலுக்கு நியாயம் செய்கிறது.

கேட்பவரின் மனமே குறியை உண்டாக்குகிறது என்பதைச் சங்க இலக்கியம் நுட்பமாகக் காட்டியிருக்கிறது. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டின் தொடக்கத்தில், போருக்குப் போன தலைவன் வருவானா என்றறிய முதுபெண்டிர் ஊர் எல்லையில் நெல்லும் முல்லைப் பூவும் தூவி விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஓர் ஆயர்மகள், பசியால் தவிக்கும் கன்றிடம், கோவலர் பின்னின்று ஓட்டிவர உன் தாய் இப்போதே வந்துவிடும் என்கிறாள். அவள் பேசியது கன்றோடு. தலைவியைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. பெண்டிர் அதை நற்சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள். பாட்டும் தலைவன் திரும்பும் தேரொலியில் முடிகிறது. நல்ல விதைக்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது: சொல்லப்பட்ட இடத்தில் அந்தச் சொல்லுக்குச் சொந்தமாக ஒரு வேலை இருக்க வேண்டும்.

ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' (1857) இன்னொரு வழியைக் காட்டுகிறது. நாவல் எம்மாவிடம் தொடங்காமல், புதிதாகப் பள்ளியில் சேர்ந்த சார்லஸின் தொப்பியில் தொடங்குகிறது. கரடித்தோல், நீர்நாய்த்தோல், பஞ்சுக் குல்லாய் என்று பல வகைத் தொப்பிகளின் கூறுகளை அடுக்கடுக்காக ஏற்றிய அவலட்சணம் அது. வகுப்பே சிரிக்கிறது. இறுதியில் எம்மா இறந்ததும் சார்லஸ் கேட்பது ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சவப்பெட்டிகள்: ஒன்று ஓக், ஒன்று மகோகனி, ஒன்று ஈயம். எல்லாவற்றுக்கும் மேலே பச்சை வெல்வெட் துணி. மருந்துக்கடைக்காரர் ஓமே அந்தத் துணி வீண் என்று முணுமுணுக்கிறார். பையனாக இருந்தபோது தலையில் சுமந்த அதே அடுக்கைத்தான் அவன் மனைவியின் பிணத்தின்மேலும் அடுக்குகிறான் என்று யாரும் சொல்வதில்லை. ஃப்ளோபேரும் சொல்வதில்லை. இதே நாவலில் மணமான புதிதில் எம்மா கணவனின் முதல் மனைவியுடைய மணப்பூச்செண்டைப் பார்த்து, தான் செத்தால் தன் செண்டை என்ன செய்வார்கள் என்று யோசிப்பாள். அது கொஞ்சம் உரக்கப் பேசும் குறி. தொப்பிதான் மேலானது.

தொடராக எழுதுபவருக்கு இது எப்படி முடியும் என்ற கேள்வி எழும். முதல் அத்தியாயம் அச்சேறிவிட்டால் திருத்த முடியாது. ஆகவே தொடர்கதை ஆசிரியர்கள் பெரும்பாலும் திரும்பிப் பார்த்து, ஏற்கெனவே அச்சான ஒன்றை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை வாரத் தொடராக வந்தது. தொடக்கத்தில் சதுப்புநிலத்துப் பள்ளத்தில் கட்டிப்புரண்டு சண்டையிடும் இரு கைதிகள், இறுதிக்கு அருகில் தேம்ஸ் நதியில் மறுபடி கட்டிப்பிடித்தபடியே தண்ணீருக்குள் விழுகிறார்கள். முடிவோ இரண்டு முறை எழுதப்பட்டது. பிப்பும் எஸ்டெல்லாவும் லண்டன் தெருவில் சில நிமிடம் சந்தித்துப் பிரிவதாக முதலில் எழுதியிருந்தார். நாவலாசிரியர் புல்வர் லிட்டன் சொன்னதால் அதை மாற்றினார். புதிய முடிவில், பிப் கிராமத்தைவிட்டுப் புறப்பட்ட காலையில் விலகிய மூடுபனி, பாழடைந்த தோட்டத்தில் மாலை மூடுபனியாகத் திரும்ப வருகிறது. முன்பே அச்சாகிவிட்ட அத்தியாயத்தில் விலகிய பனி இந்த முடிவை எண்ணி எழுதப்பட்டதாக இருந்திருக்க முடியாது. விதைகளில் பாதி அறுவடைக் காலத்தில்தான் விதையாகின்றன.

விதை பொய்யாகவும் இருக்கலாம். 'தனிமையின் நூறு ஆண்டுகள்' (1967) நாவலின் முதல் வாக்கியம் கர்னல் அவுரேலியானோ துப்பாக்கி அணியின் முன் நிற்பதைச் சொல்கிறது. வாசகர் அவரைச் செத்தவராகவே எண்ணிப் பக்கங்களைப் புரட்டுவார். கர்னல் சுடப்படுவதில்லை, வயதாகி, வீட்டுப் பின்புறத்துச் செஸ்ட்நட் மரத்தடியில் இறக்கிறார். உரக்கச் சொல்லப்பட்ட குறி ஏமாற்ற, உர்சுலாவின் கிழவிப் பயமாகத் தோன்றிய சங்கதி பலிக்கிறது. நெருங்கிய சொந்தத்தில் மணந்தால் பன்றிவாலோடு பிள்ளை பிறக்கும் என்ற அந்தப் பயம்தான் கடைசிக் குழந்தையாகப் பிறந்து எறும்புகளுக்கு இரையாகிறது.

இந்த உத்தியையே சந்தேகிப்பவர்கள் உண்டு. மார்சனும் மைக்கேல் ஆந்த்ரே பெர்ன்ஸ்டைனும் 1994இல் தனித்தனியே எழுதிய நூல்களில், முன்குறி என்பது முடிவிலிருந்து பின்னோக்கிக் கதையை இழுப்பது என்றார்கள். மனிதர்கள் வேறு வழியில் போயிருக்கக்கூடும் என்ற வாய்ப்பை அது அழித்துவிடுகிறது. ஐரோப்பிய யூதர்களின் வாழ்வை எழுதும்போது, வரப்போகும் படுகொலை அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதுபோல் எழுதுவது அநீதி என்பது பெர்ன்ஸ்டைனின் வாதம். மிலன் குந்தேரா 1984இல் வெளிவந்த தம் நாவலில் அன்னாவின் ரயிலையே எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் வாதிட்டார்: இந்த ஒத்திசைவு நாவலாசிரியர் செய்த ஜோடனை இல்லை, மனிதர்கள் அறியாமலேயே தங்கள் வாழ்வை அழகின் விதிப்படி அமைத்துக்கொள்கிறார்கள். வரலாற்றை எழுதுபவர் பெர்ன்ஸ்டைனின் எச்சரிக்கையை மனத்தில் வைப்பது நல்லது. கற்பனைப் பாத்திரங்களிடம் குந்தேரா சொல்வதுதான் பொருந்துகிறது.

தோல்வியடைந்த விதைகளுக்கும் பஞ்சமில்லை. முதல் பக்கத்து ஆந்தை, சாமி படத்தின் முன் அணையும் விளக்கு, பயணம் புறப்படும்போது குறுக்கே போகும் பூனை எல்லாம் தமிழ்த் தொடர்கதைகளில் தேய்ந்துபோனவை. ஹார்டியின் 'டெஸ்' (1891) பெரிய நாவல்தான். ஆனாலும் வெள்ளுடைப் பெண்கள் நடுவே நாயகிக்கு மட்டும் சிவப்பு ரிப்பன், வண்டிக்குதிரையின் இரத்தம் அவள்மேல் தெறித்தல், இறுதியில் கூரையில் பரவும் இரத்தக்கறை என்று குறிகள் நெருக்கியடிக்கும்போது, டெஸ்ஸைவிட ஆசிரியரின் கைதான் அதிகம் தெரிகிறது.

ரஷ்ய, பிரெஞ்சு நாவல்களைத் தமிழில் சுருக்கித் தருபவர்கள் முதலில் கத்தரி வைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான். பிள்ளைகளின் பெட்டி ரயிலும் சார்லஸின் தொப்பியும் கதைக்கு அவசியமற்றவை போலவே தோன்றும். சுருக்குகிறவர்கள் கடைசி அத்தியாயத்தை இன்னொரு முறை படித்துவிட்டு, அதன் பிறகு முதல் அத்தியாயத்தில் கை வைக்கட்டும்.