அழிக்கத் தெரிந்த எழுத்து

1964 மே மாதம் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பேசிக் மொழி முதன்முதலாக ஓடியபோது அதற்குத் திரை கிடையாது. அதை உருவாக்கிய ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் மாணவர் முன் வைத்தது டெலிடைப். நொடிக்குப் 10 எழுத்து தட்டும். காகிதச் சுருள் மேலே ஏறும். தட்டியதை அழிக்க முடியாது.

இந்தக் கருவியிலும் அசைவைக் காட்டினார்கள். டேவிட் ஆல் வெளியிட்ட பேசிக் விளையாட்டு நூலில் 'சைன் வேவ்' என்றொரு குட்டி நிரல் உண்டு. வரிக்கு ஒரு சொல். அது எத்தனை இடம் தள்ளி விழவேண்டும் என்பதை 26 + 25 × சைன் என்ற கணக்கு தீர்மானிக்கும்; தள்ளி வைப்பது டேப் கட்டளை. ஆல் நடத்திய இதழின் பெயரிலுள்ள 'கிரியேட்டிவ்', 'கம்ப்யூட்டிங்' என்ற இரு சொற்களும் மாறிமாறி விழுந்து நெளியும். இங்கே காலம் என்பது காகிதத்தின் நீளம்தான். எழுத்து அசைவுகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுவே.

இதன் வாரிசு எனத்தக்கது கமடோர் 64 கணினியின் ஒற்றை வரி நிரல் ஒன்று. 205.5ஓடு ஒன்றுக்குக் குறைந்த தற்செயல் எண் ஒன்றைக் கூட்டினால் 205 அல்லது 206ஆம் குறியீடு வரும்; ஒன்று இடப்பக்கச் சாய்கோடு, மற்றது வலப்பக்கச் சாய்கோடு. திரை முழுக்கப் புதிர்ப்பாதை விரியும். இந்த ஒரு வரிக்காக 2012இல் பத்துப் பேர் சேர்ந்து ஒரு முழு நூலே எழுதினார்கள். கொஞ்சம் அதிகம்தான்!

திரை வந்தபின் சிக்கல் தலைகீழானது. 1977இல் வந்த கமடோர் பெட் கணினியில் 40 பத்தி, 25 வரி, ஆக 1000 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நினைவகத்தில் ஒரு முகவரி. கமடோர் 64இல் இந்த வரிசை 1024இல் தொடங்கும். பத்தி எக்ஸ், வரி ஒய் என்றால், 1024 + எக்ஸ் + 40 × ஒய் என்ற முகவரியில் போக் கட்டளையால் 81ஐ எழுதினால் பந்து. அங்கேயே 32ஐப் போக் செய்தால் வெற்றிடம். பந்து ஓடுவதாகத் தோன்றுவதற்குக் காரணம் இந்த 32தான். வரைவதை எவரும் ஒரே நாளில் கற்றுவிடுவார்கள். எப்போது அழிப்பது என்பதில்தான் கைத்திறன் தெரியும். அழித்துவிட்டு அடுத்த இடத்தைக் கணக்கிட்டால் பேசிக்கின் மந்தத்தில் பந்து மினுக்கும். முதலில் கணக்கை முடித்து, புதியதை வரைந்து, பழையதை உடனே துடைத்தால் ஓட்டம் சீராகும். வேகம் மிஞ்சினால் ஒன்றும் செய்யாத ஒரு ஃபார்–நெக்ஸ்ட் சுழலைப் போட்டுத் தாமதிப்பார்கள்.

சின்க்ளேரின் தொடக்ககால இயந்திரங்களில் இந்தத் திறனும் எளிதில் செல்லவில்லை. 1980இன் இசட்எக்ஸ்80இல் திரையை வரைவதும் நிரலை ஓட்டுவதும் ஒரே செயலி. நிரல் ஓடும்போது படம் மறைந்துவிடும். அடுத்த ஆண்டு வந்த இசட்எக்ஸ்81 'ஸ்லோ' முறையில் படத்தை மறையாமல் வைத்திருந்தது. ஆனால் படத்தின் மேலும் கீழும் உள்ள வெற்று ஓரங்களைக் கடக்கும் நேரத்தில் மட்டுமே நிரல் ஓடியது.