ஊதாவும் இளஞ்சிவப்பும்

நோயாளியின் முகத்தையே பார்க்காமல் அவருக்கு என்ன நோய் என்று சொல்பவர் நோயியல் மருத்துவர். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு எம்.டி. நோயியல், 3 ஆண்டு. 1986இல் தொடங்கிய சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் அந்த வித்தை கைக்குப் பழகுவது மைக்ராஸ்கோப்பில் அல்ல, வெட்டும் பலகையில்.

ஃபார்மலினில் ஊறிய தைராய்டு கட்டி வரும். கண் எரியும். அளந்து, எடை போட்டு, ஓரத்தில் மை தடவி வெட்ட வேண்டும். எங்கிருந்து துண்டு எடுப்பது என்பதில்தான் சூட்சுமம். ஃபாலிகுலர் கட்டி என்றால், அது தன் உறையையோ ரத்தக் குழாயையோ துளைத்திருக்கிறதா என்பதை வைத்தே புற்றா இல்லையா என்று சொல்ல முடியும். உறையை விட்டுவிட்டு நடுவில் மட்டும் வெட்டியவர் கோட்டை விட்டார்.

பிறகு மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் 4 மைக்ரான் கனத்துக்குச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்துவார்கள். ஹிமடாக்சிலின் சாயம் செல்லின் உட்கருவை ஊதாவாக்கும். இயோசின் சுற்றியுள்ளதை இளஞ்சிவப்பாக்கும். அழகுதான், அது புற்றாகவே இருந்தாலும்.

இரட்டைத் தலை மைக்ராஸ்கோப்பின் மறுபுறம் பேராசிரியர். “மொதல்ல சின்ன பவர்ல பாரு கண்ணு, அவசரப்படாதே.” நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் செத்த கோழியை அறுத்துப் பண்ணைக்காரருக்குப் பதில் சொல்பவர்களுக்கும் பாடம் இதுவே. மாணவர் எழுதும் அறிக்கை வரைவில் பாதி வரி அடிபட்டுத்தான் திரும்பும்.