ஸ்ட்ராங்குக்கு எத்தனை மார்க்?

திருநின்றவூரிலிருந்து அரண்வாயல் அதிக தூரமில்லை. கிங்ஃபிஷர் காய்ச்சும் யுனைடெட் புரூவரீஸ் ஆலை அங்கே இருக்கிறது, குத்தம்பாக்கத்தில் இன்னொன்று. பீர் பிறக்கும் பக்கத்திலேயே குடியிருந்தும், இந்த வட்டாரத்து டாஸ்மாக் கடைகளில் அதை எடைபோட இரண்டே கேள்விகள் போதும்: ஸ்ட்ராங்கா? கூலிங் இருக்கா?

இதை நக்கலடிப்பது சுலபம். ஆனால் கணக்கு குடிப்பவர் பக்கம்தான். 650 மி.லி. பாட்டிலில் 8 விழுக்காடு என்றால் 52 மி.லி. ஆல்கஹால், 5 விழுக்காடு லைட் பீரில் 32.5 மட்டுமே. விலை வித்தியாசமோ சொற்பம். போட்டிக்கு நிற்பது 42.8 விழுக்காட்டுக் குவார்ட்டர், அதில் 77 மி.லி. ஷிஃப்ட் முடிந்து வருபவருக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பங்கு ஸ்ட்ராங்காக இருப்பதில் வியப்பில்லை.

இதே அளவு ஆல்கஹாலோடு ஜெர்மனியில் 'பாக்' என்றொரு குடும்பம் உண்டு. ஐன்பெக் நகரில் தொடங்கி மியூனிக்கில் வளர்ந்தது. பவுலானர் துறவிகள் நோன்புக் காலத்துக்கென்று காய்ச்சியதன் வழிவந்த சால்வேட்டர் 7.9 விழுக்காடு, நம்ம ஊர் ஸ்ட்ராங்கின் உச்சவரம்போடு ஏறக்குறைய சமம். ஆனால் அதன் வலிமை முழுக்க மால்ட்டிலிருந்து வருகிறது. அதனால் வாயில் ரொட்டியின் மேலோடு, ஈச்சம்பழம், கருகத் தொடங்கிய வெல்லப்பாகு என்று ருசி அடுக்கடுக்காக இறங்கும். இங்கே அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை சேர்த்து ஆல்கஹாலை ஏற்றுவது வழக்கம். செலவு குறையும், பீரின் உடல் மெலியும், தொண்டையில் சாராயச் சூடு தனியாகத் துருத்தும். லேபிளில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பீர்களை நாக்கு பிரித்துக் காட்டுகிறது. ருசிபார்த்தலுக்கு என் முழு ஓட்டு இதற்காகத்தான்.

மதிப்பெண் விஷயத்தில் அவ்வளவு தாராளம் எனக்கில்லை. 1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய பிஜேசிபி என்ற நடுவர் அமைப்பின் தாளில் மொத்தம் 50: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் படும் தன்மை 5, ஒட்டுமொத்தம் 10. பீரை அதன் வகைக்குரிய இலக்கணத்தோடு ஒப்பிடுவதால் நடுவரின் சொந்த விருப்பு ஓரளவு கட்டுப்படுகிறது. குறையைப் பேர் சொல்லிக் குறிக்க வேண்டும் என்பது இன்னும் நல்ல பழக்கம்: வெந்த சோள வாடையா, வெண்ணெய் வாடையா, பழசாகிப்போன பீரின் நனைந்த அட்டை வாடையா? ஒவ்வொன்றுக்கும் ஆலையிலோ கிடங்கிலோ ஒரு காரணம் உண்டு.

சிக்கல், ஸ்ட்ராங் வந்து உட்காரும்போது. ஆல்கஹால் ஏற ஏற மணமும் இனிப்பும் கூடும், முதல் மடக்கிலேயே ஆளை அசத்தும். சாதாரண லாகர் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பக்கத்தில் சோப்ளாங்கி. அண்டாப்ட் போன்ற செயலிகளில் ரசிகர்கள் போடும் நட்சத்திரங்களைப் பாருங்கள்: மேலே நிற்பவற்றில் பெரும்பாலானவை 10 விழுக்காட்டைத் தாண்டிய கனத்த பீர்கள். ஆக, நுனிநாக்கு ரசிகரும் பார் மேசைக்காரரும் ஒரே பக்கம் சாய்கிறார்கள்; ஒருவர் மட்டும் அதற்கு நட்சத்திரம் போடுகிறார். நாலைந்து ஸ்ட்ராங்குக்குப் பிறகு மரத்த நாக்கு தரும் மார்க்கை நம்பவும் முடியாது. நடுவர்கள் சிறு கிளாஸில், மென்மையிலிருந்து கனத்துக்குப் போவது அதற்காகத்தான்.

கூலிங்கும் சேர்ந்து கெடுக்கிறது. பாக் பீர் 10 டிகிரி வாக்கில்தான் வாய் திறக்கும். பனிக்கட்டிக் குளிரில் குறையும் தெரியாது, நிறையும் தெரியாது. நம் ஆலைகளுக்கு இது வசதி என்று சந்தேகப்படுகிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே, மார்க் போடுவது தேர்ந்தெடுக்க வாய்ப்புள்ளவரின் வேலை. 2003-இலிருந்து தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். கடையில் என்ன இருக்கிறதோ அதுதான். 50-க்கு 15 வாங்கிய பீரும் நாளைக்கு அதே அலமாரியில் நிற்கும். பெங்களூரில் பப்புக்குள்ளேயே காய்ச்சி விற்பவர் இப்படித் தப்ப முடியாது. எனவே பிஜேசிபி தாளில் நமக்கு உதவுவது எண்கள் இல்லை, குறைகளின் பட்டியல். அட்டை வாடை அடித்தால் பாட்டிலைத் திருப்பித் தயாரிப்புத் தேதியைப் படிக்கலாம். அரண்வாயலிலிருந்து வர அதற்கு இத்தனை மாதமா என்று கடைக்காரரைக் கேட்கவும் செய்யலாம்.