ஆயிரம் ரூபாயும் ஐந்தரை லட்சமும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஊர்களில் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஏழை வீடுகளில் எழும் பேச்சு பெரும்பாலும் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. அரசுக் கலைக் கல்லூரியில் இளங்கலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. பேச்செல்லாம் சம்பளத்தைப் பற்றித்தான். சுங்குவார்சத்திரத்தில் ஆலை லைனில் வேலைக்குச் சேர்ந்தால், பிடித்தம் போக மாதம் 15,000 ரூபாயை ஒட்டிக் கைக்கு வரும். கம்பெனி பஸ் ஊர் முனைக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். கல்லூரிக்குப் போனால் மூன்று வருடம் அந்தப் பணம் வராது. 36 மாதத்துக்குக் கூட்டினால் 5,40,000 ரூபாய். இந்த வட்டாரத்தில் ஒரு டிகிரியின் உண்மையான விலை அதுதான்.

புதுமைப் பெண் திட்டத்தை இந்தக் கணக்குக்கு எதிரே வைத்துத்தான் எடைபோட வேண்டும். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய திட்டம் அது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்துக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என எதில் சேர்ந்தாலும் மாணவியின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் விழும். தாலிக்குத் தங்கம் கொடுத்துவந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டத்தைத்தான் அரசு இப்படி மாற்றியது. பட்டதாரிப் பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது 50,000 ரூபாயும் 8 கிராம் தங்கமும் கிடைத்த இடத்தில், இப்போது மூன்று வருடத்தில் 36,000 ரூபாய் கிடைக்கிறது. தொகை குறைவு என்று அன்றைக்கே குறை சொன்னார்கள். அது சரியான வாதம் அல்ல என்பது என் கருத்து. கல்யாணத்தன்று வரும் பணம் படிப்பு முடிந்த பிறகு வரும் பணம். இது புத்தகம் வாங்கும் மாதத்தில், பரீட்சைக் கட்டணம் கட்டும் மாதத்தில், அவள் பெயரிலேயே வருகிறது.

இதைவிடப் பெரிய நன்மை, இதற்கு வருமான வரம்பு இல்லை என்பது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் காண்ட்ராக்டில் தலைக்கு 12,000 ரூபாய் வாங்கினால் வருடத்துக்கு 2,88,000 ஆகிவிடும். வாடகையும் வட்டியும் கட்டிவிட்டு மாதக் கடைசியில் கைமாற்று கேட்கும் அந்தக் குடும்பம் காகிதத்தில் வசதியான குடும்பம்! இந்த அநியாயம் புதுமைப் பெண் திட்டத்தில் இல்லை.

பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் இடம் பிடிப்பவர்களுக்கு 2021 முதல் கட்டணம், விடுதிச் செலவு எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. தாராளமான உதவிதான், ஆனால் கலை, அறிவியல் படிப்பவர்களுக்கு அது எட்டாது. அவர்களுக்கு இந்த ஆயிரம்தான்.

“படித்தவளும் கடைசியில் அதே லைனில்தானே நிற்கிறாள், மூன்று வருடத்தை ஏன் வீணாக்க வேண்டும்?” என்று இங்கே பெற்றோர் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கான பதில் நோக்கியா. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் திறந்த அந்த ஆலை, ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு முதல் சம்பளத்தைக் கொடுத்தது. 2014 நவம்பரில் மூடப்பட்டது. பிளஸ் டூவோடு வந்தவர்கள், எட்டு வருடம் செல்போன் பூட்டிய அனுபவத்தை வேறெங்கும் காட்ட முடியாமல் பிளஸ் டூவோடே வெளியே போனார்கள். லைன் வேலை இளவயதின் வேலை. கண்ணும் கையும் வேகமாக ஓடும் வரை அது இருக்கும். டிகிரி அதற்குப் பிறகு வரும் முப்பது வருடத்துக்கானது.

ஆனால் குடும்பத்தின் அவசரம் பொய்யல்ல. அதனால் பல பெண்கள் வேலைக்குப் போய்க்கொண்டே கரஸ்ஸில் சேர்கிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்து விடுதிக்கு வந்து, தூக்கத்தில் பாதியைக் கொடுத்துப் படிக்கிறார்கள். அவர்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் ஒரு பைசா கிடையாது; தொலைநிலைக் கல்விக்கு இந்த உதவி இல்லை என்பது விதி. திட்டத்தின் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான். படிப்பவள் வேறு, உழைப்பவள் வேறு என்று அரசு பிரித்து வைத்திருக்கிறது. இந்த வட்டாரத்தில் இருவரும் ஒருத்தியேதான்.

வேலையையும் படிப்பையும் ஒன்றாகச் சேர்ப்பது நம்மால் முடியாத காரியமும் அல்ல. வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியை அரசு நிறுவனமான சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்தது. அத்தனை இளம்பெண்கள் ஒரே வளாகத்தில் தங்கும் இடம் வேறெங்கே அமையும்? அங்கே ஷிப்டுக்கு ஏற்றபடி வகுப்பு நடத்தும் ஓர் அரசுக் கல்லூரிக்கு மாணவிகளைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. இன்றைக்கு ஒரகடத்துப் பெண் அரசுக் கல்லூரியில் படிக்க வேண்டுமானால் கல்லூரியின் நேரத்துக்குப் போய்வர வேண்டும். ஷிப்டில் இருப்பவளால் அது நடக்காது.

தொகையும் நகரவில்லை. 2022இல் பெண்களுக்கு 1,000. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்று ஆண்களுக்கு வந்தபோதும் அதே 1,000. விலைவாசி ஏறும்போது ஏறாத உதவி வருடா வருடம் குறைகிறது என்றுதான் அர்த்தம்.

ஆகவே என் முடிவு இது. ஏற்கெனவே கல்லூரியில் சேரத் தீர்மானித்த பெண்ணை நடுவில் நின்றுவிடாமல் காப்பதில் புதுமைப் பெண் நல்ல திட்டம். அதைக் கைவிடக் கூடாது. சம்பளமா படிப்பா என்று தவிக்கும் பெண்ணைக் கல்லூரிப் பக்கம் திருப்ப அதற்கு வலு இல்லை. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவளை அது கணக்கிலேயே சேர்க்கவில்லை. தொலைநிலை மாணவிகளை விலக்கும் விதியை அரசு முதலில் நீக்கட்டும். அதற்குப் புதுத் திட்டமோ புதுக் கட்டடமோ தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.