தம்பையாவின் சயாம்

சயாம் என்றதும் நம்மவர்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வருகின்றன. ஒன்று, அரசவைப் பிராமணர்களின் 'திரியம்பாவாய்' சடங்கு. நம் திருவெம்பாவை கடல் தாண்டிப் போய் அதில் தங்கியிருக்கிறது என்பது. மற்றது, தகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு. அவனிநாரணம் என்றொரு குளத்தைப் பற்றியது. பெருமைப்பட இரண்டிலும் இடமுண்டு. ஆனால் இந்தப் பெருமை ஒரு விதச் சோம்பல். அந்நிய மண்ணில் தன் சாயல் தென்பட்டதும் பார்வை அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. அந்த மண்ணில் வாழ்கிறவன் எதை நம்புகிறான், எதற்கு அஞ்சுகிறான் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை.

கேட்ட தமிழர் ஒருவர் உண்டு. ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா. 1929இல் இலங்கையில் ஒரு தமிழ்க் கிறிஸ்துவக் குடும்பத்தில் பிறந்தவர். 1954இல் கார்னெலில் டாக்டர் பட்டம். 1960இல் யுனெஸ்கோ பணிக்காகத் தாய்லாந்து போனார். பிறகு கேம்பிரிட்ஜ், சிகாகோ, கடைசியில் ஹார்வர்ட். 2014இல் காலமானார். நம் சிறுபத்திரிகைகளில் லெவிஸ்ட்ராஸ் அடிபட்ட அளவில் கால்பங்கு கூட இவர் அடிபட்டதில்லை என்பது நம் வாசிப்பின் லட்சணம்.

1970இல் வந்த முதல் பெரிய புத்தகம் வடகிழக்குத் தாய்லாந்தில் பான் பிரான் முவான் என்ற ஒரே கிராமத்தைப் பற்றியது. அங்கே புத்த பிட்சு இருக்கிறார், காவல் தெய்வம் இருக்கிறது, பேயோட்டுகிறவனும் இருக்கிறான். படித்தவர்களின் வழக்கமான பார்வை இதை அடுக்குகளாகப் பிரிக்கும்: மேலே தூய பௌத்தம், கீழே பாமர மூடநம்பிக்கை. தம்பையா இவை எல்லாவற்றையும் ஒரே களத்தில் வைத்துப் பார்க்கிறார். இளைஞன் ஒரு மழைக்காலம் துறவியாக இருந்து, அந்தப் புண்ணியத்தைப் பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும் தருகிறான். அவன் துறவு பூணுவதற்கு முன், ஊர்ப் பெரியவர் ஒருவர் அவன் உயிராற்றலை அழைத்து உடம்பில் கட்டும் சடங்கைச் செய்கிறார். அந்தப் பெரியவரும் பெரும்பாலும் ஒரு காலத்தில் பிட்சுவாக இருந்தவர்தான். இரண்டு தலைமுறைகளுக்கு இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கல் இது. மடத்துப் பாலியும் வீட்டு மந்திரமும் ஒரே கணக்கின் இரண்டு பத்திகள்.

இதைப் படித்த பிறகு திருவொற்றியூர்க் கோயிலைப் பழையபடி பார்க்க என்னால் முடியவில்லை. தியாகராஜரும் வட்டப்பாறை அம்மனும் ஒரே மதிலுக்குள் இருக்கிறார்கள். சற்றுத் தள்ளிக் கடற்கரையில், செல்வத்தை விட்டு வந்த பட்டினத்தாரின் சமாதி. அங்கே பணக்கஷ்டம் தீர வேண்டிக்கொள்கிறவர்களும் வருகிறார்கள். இதை முரண்பாடு என்று சிரிக்கலாம். தம்பையா சிரிக்கமாட்டார். காட்டுத் துறவிகளைப் பற்றிய அவருடைய 1984 புத்தகத்தில் இதே காரியம் நடக்கிறது. உலகத்தை விட்டுப் போன துறவியின் சக்தி தாயத்தில் ஏற்றப்படுகிறது. அதிகாரியும் வியாபாரியும் அதை அணிகிறார்கள். தாயத்துக்குச் சந்தை விலை ஏற்படுகிறது. துறவு எவ்வளவு தீவிரமோ அவ்வளவு விலை. வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு இது எளிதில் விளங்கும்.

இலங்கை எரிந்தபோது இவர் சயாமியப் பேய்களை எண்ணிக்கொண்டிருந்தார் என்றார் ஒரு நண்பர். கேட்க நன்றாக இருக்கும் வாக்கியம், விவரம் வேறு. 1956 ஜூனில் சிங்களம் மட்டும் சட்டத்தை ஒட்டிக் கலவரம் வெடித்தபோது, தம்பையா மாணவர்களோடு கல்லோயாக் குடியேற்றத்தில் கள ஆய்வில் இருந்தார். எரிந்ததை அருகிலிருந்து பார்த்தவர் அவர். அதன்பின் போனவர், போன இடத்தில் ஒரு கருவியைச் செய்துகொண்டார்.

அந்தக் கருவி 1976இல் வெளியான புத்தகத்தில் முழு உருவம் பெறுகிறது. அசோகனிலிருந்து பாங்காக் வரை பௌத்த அரசையும் சங்கத்தையும் பற்றியது அது. பழைய தென்கிழக்காசிய அரசு எல்லைக்கோட்டால் ஆனதல்ல என்கிறார். நடுவே ஒரு மையம். சுற்றிலும் அதையே சிறிதாகப் போலி செய்யும் மையங்கள். மண்டலம் போல, கோள்களின் கூட்டம் போல. மையத்தின் பலத்தைப் பொறுத்து அது விரியும், சுருங்கும். ஓரத்தில் இருப்பவன் கப்பம் கட்டுவான். தன் வழக்கத்தை விடவேண்டியதில்லை.

1983க்குப் பிறகு இந்த மனிதர் இலங்கைக்குத் திரும்பினார், எழுத்தில். 1986இல் ஒரு புத்தகம். 1992இல் 'பௌத்தம் துரோகிக்கப்பட்டதா?' என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்ட இன்னொன்று. பின்னது இலங்கையில் தடை செய்யப்பட்டது. சயாமில் செய்த கருவி இங்கே வேலை செய்கிறது. கண்டி ராஜ்ஜியமும் மண்டலம் போன்றதுதான். வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, வேற்றுமையோடு வைத்துக்கொண்ட அமைப்பு. ஒரே மொழி, ஒரே மதம், பிரிக்கமுடியாத ஒற்றை ஆட்சி என்பது நவீன காலத்து ஆசை; அதை மகாவம்சத்தின் மேல் ஏற்றிப் படிக்கிறார்கள். அடிபட்ட இனத்தைச் சேர்ந்தவர், அடித்தவர்களின் மதத்தை இழிவுபடுத்தாமல் இதைச் சொல்ல முடிந்ததற்கு, அந்த மதம் ஒரு கிராமத்தை எப்படி வாழவைக்கிறது என்று பார்த்திருந்ததே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கொழும்பிலேயே இருந்திருந்தால் பௌத்தம் என்பது அவருக்கு ஒரு கட்சியின் பெயராகவே நின்றிருக்கக்கூடும்.

குறைகளும் உண்டு. மண்டலம் அளவுக்கு மீறி அழகான உருவம்; அதன் ஓரத்தில் நசுங்கியவன் அந்த வரைபடத்தில் தெரிவதில்லை. கிராமத்துப் புத்தகத்தில் சடங்குகள் மனதில் நிற்கின்றன, செய்த மனிதன் ஒருவன்கூட முகத்தோடு நிற்பதில்லை. அந்த முகம் நாவலாசிரியனின் வேலை என்று விட்டுவிடலாம். ஆனால் நம் நாவலாசிரியர்கள் அந்த வேலையைச் செய்கிறார்களா?

மண்ணை எழுதுகிறேன் என்பது இன்று ஒரு சான்றிதழ் ஆகிவிட்டது. எண்ணூரில் பிறந்தால் போதும், எண்ணூர் தெரிந்துவிடும் என்று நம்புகிறோம். பக்கத்துத் தெருவில் மாதா கோயில் தேர் வரும்போது அது எதற்காக வருகிறது என்று இத்தனை வருடத்தில் நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? தம்பையாவுக்குத் தன் ஊரைப் பார்க்க ஒரு தேசத்தைச் சுற்றிவர வேண்டியிருந்தது. நமக்கு அந்த அளவு கூடத் தேவையில்லை. ராயபுரம் வரை போனால் போதும்.