டேர்போ லொறியின் குழாயும் மென்பொருளும்

பெரும்போக அறுவடை முடிந்து சம்மாந்துறை, நிந்தவூர் வட்டைகளிலிருந்து நெல்மூட்டைகள் ஆலைகளுக்குப் புறப்படுகின்ற மாசி, பங்குனி மாதங்களிலும், சாய்ந்தமருதுக் கரையில் ஏற்றிய மீனை ஐஸ் போட்டு அடுக்கி இரவோடிரவாகப் பேலியகொடைச் சந்தைக்கு அனுப்புகின்ற நாட்களிலும், நமது கரையோர ஊர்களின் ஜீவனம் லொறிச் சக்கரங்களின் மேல்தான் நிற்கின்றது. ஆகையால் ஒரு லொறியின் இஞ்சினில் செய்யப்படும் மாற்றம் அதன் சொந்தக்காரருடைய தனி விஷயமாக நின்றுவிடுவதில்லை. கல்முனையில் ஒரு கராஜின் வாங்கில் அமர்ந்திருந்த பிற்பகலொன்றில், இளைஞரான பாஸ் ஒருவர், நடுத்தர வயதுடைய லொறிக்காரர் ஒருவரிடம், "காக்கா, இந்தச் சைலன்சரக் கழட்டிப்போட்டு பெரிய குழாய் போட்டு, கம்பியூட்டரயும் மாத்தி வுட்டா லொறி பறக்கும்" என்று சொல்லக் கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் முழு உண்மையையும் சொல்லவில்லை. அந்த வாக்குறுதியில் எந்தப் பகுதி மெய், எந்தப் பகுதி ஆசை என்று பிரித்துப் பார்ப்பது அவசியமென்று எனக்குத் தோன்றியது.

டீசல் இஞ்சினின் சக்தி, அதன் சிலிண்டருக்குள் எவ்வளவு டீசலைச் சரிவர எரிக்கலாம் என்பதைப் பொறுத்தது. எரிப்பதற்கோ காற்று வேண்டும். வெளியே வீணாகப் போகின்ற சூடான புகையைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் பூட்டிய மற்றொரு சக்கரத்தினால் காற்றை அமுக்கி உள்ளே செலுத்தலாம் என்ற கருத்துக்குச் சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். அக்கருத்தின் பலன் வீதிக்கு வர அரை நூற்றாண்டு சென்றது: 1954இல் வொல்வோ கம்பனி தனது டைட்டன் லொறிக்கு டேர்போ எனப்படும் இவ்வமைப்பைப் பூட்டியபோது, 150 குதிரைவலு கொண்டிருந்த இஞ்சின் 185 குதிரைவலு தந்தது.

இந்த அமைப்பை மனதிற் கொண்டால் குழாயைப் பற்றிய விவாதம் பாதி தீர்ந்துவிடும். டேர்போ இல்லாத பந்தயக் கார்களில் குழாயின் நீளத்தையும் அகலத்தையும் கணித்து அமைத்தால், ஒரு சிலிண்டரின் புகை வெளியேறும் வேகமே அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்தெடுக்கும். அந்த வித்தையின் புகழ்தான் நமது கராஜ்கள் வரை வந்து சேர்ந்திருக்கின்றது. டேர்போ லொறியிலோ புகைக்கு முன்னே நிற்கும் பெருந்தடை டேர்போவின் சக்கரமேயன்றிச் சைலன்சர் அன்று. அதற்குப் பின்னாலுள்ள குழாயை அகலமாக்கினால் டேர்போ சற்று முந்தி வேகமெடுக்கும், புகையின் உஷ்ணம் கொஞ்சம் தணியும், இவ்வனுகூலங்களை மறுப்பதற்கில்லை. ஆயினும் இன்றைய லொறியில் காற்றழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டுமென்றும், எவ்வளவு டீசல் விட வேண்டுமென்றும் நிர்ணயிப்பது கம்பியூட்டராகையால், குழாயை மட்டும் மாற்றியவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சத்தமே. அச்சத்தம் காதுக்குச் சக்தி போலத் தோன்றுவதனால், காசு கொடுத்தவர் திருப்தியோடு வீடு செல்கின்றார்.

இங்கே நமது கடற்கரைக்குரிய ஒரு விசேஷத்தையும் சொல்ல வேண்டும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும் ஊர் இது. உள்ளே துருப்பிடித்து உடைந்து விழுந்த தகடுகள் அடைத்துக் கிடக்கும் பழைய சைலன்சரைக் கழற்றி நல்லதொன்றைப் பூட்டியவர், லொறி இலேசாக ஓடுகின்றது என்று சொல்வது முற்றிலும் மெய். ஆனால் அது விருத்தி அன்று, பழுதுபார்த்தல். அடைபட்ட குழாய் நீங்கியதால் வந்த சுகத்தை அகன்ற குழாயின் மகிமையென்று எண்ணிவிடுவதனாலேயே இந்த நம்பிக்கை ஊருக்குள் இவ்வளவு விரைவாகப் பரவுகின்றது.

மென்பொருளின் கதை வேறு. அங்கே சக்தி மெய்யாகவே கிடைக்கின்றது. 1995இல் ஜப்பானின் டென்சோ கம்பனி ஹினோ ரேஞ்சர் லொறிக்குக் கொமன் ரெயில் முறையைக் கொண்டுவந்தது முதல், எப்பொழுது, எவ்வளவு, எத்தனை தவணையாக டீசலைப் பீச்சுவது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் பம்பின் திருகாணியிலிருந்து கம்பியூட்டரின் எண்களுக்கு மாறிற்று. அவ்வெண்களைத் திருத்துகின்றவர் இஞ்சினின் சுபாவத்தையே திருத்துகின்றார். "கம்பனி வேண்டுமென்றே சக்தியை அடக்கி வைத்திருக்கின்றது" என்பது இத்தொழிலினர் கூறும் நியாயம். அது ஓரளவு சரியே. இசுசுவின் 4ஜேஜே1 என்ற 3 லீற்றர் இஞ்சின் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: டி-மெக்ஸ் டபிள் கெப்பில் அது 177 குதிரைவலு வரை தந்திருக்கின்றது, எல்ஃப் லொறியிலோ 150 அளவில் நிறுத்தப்பட்டிருக்கின்றது.

ஆனால் ஏன் நிறுத்தினார்கள்? டபிள் கெப் தன் வாழ்நாளிற் பெரும்பகுதியை வெறுமையாக ஓடிக் கழிக்கின்றது; முழுச்சக்தி அதற்கு முந்திச் செல்லும் சில விநாடிகளுக்கே தேவை. பாரம் ஏற்றிய லொறியோ மஹியங்கனையைத் தாண்டிப் பதினெட்டு வளைவில் ஏறும்போது, முழு மிதியில், தாழ்ந்த கியரில், எதிர்க்காற்றின் குளிர்ச்சியுமின்றி நெடுநேரம் உழைக்க வேண்டியிருக்கின்றது. காற்று போதாமல் டீசல் மிகும்போது கரும்புகை எழுவதோடு உஷ்ணமும் ஏறுகின்றது. பிஸ்டன் வார்க்கப்படும் அலுமினியம் 660 பாகை அளவில் உருகும் உலோகம். லொறியில் அடக்கி வைத்திருக்கும் அந்தச் சக்தி வீணாகக் கிடக்கும் முதல் அன்று. மலைப்பாதைக்கென்று ஒதுக்கி வைத்த காப்பு. அதைத் தட்டையான அக்கரைப்பற்று வீதியில் வெறும் லொறியை ஓட்டிப் பார்த்து அளப்பது எவ்வாறு பொருந்தும்? கிளச்சும் கியர்ப்பெட்டியும் பழைய பலத்துடனேயே இருக்கின்றன; ஏற்றத்தில் விரைந்தவர் இறக்கத்தில் மிதிக்கப்போகும் பிரேக்கும் பழையதே.

டீசல் மிச்சமாகும் என்ற வாக்குக்கு, 2022 ஜூன் மாத இறுதியில் லீற்றர் 460 ரூபாவுக்கு டீசல் வாங்கிய நம் மக்கள் செவிசாய்ப்பதில் வியப்பில்லை. டீசல் பீச்சும் நேரத்தைச் சற்று முந்தவைத்தால் சிறிது மிச்சம் பிடிக்கச் சாத்தியமுண்டு. அதற்குப் பிரதியாகச் சிலிண்டரின் அழுத்தமும் நைதரசன் நச்சுவாயுவும் கூடும். அந்தச் சிறு மிச்சமும், புதிதாகக் கிடைத்த வேகத்தைச் சாரதியின் பாதம் அனுபவிக்கத் தொடங்கிய அன்றே கரைந்துவிடும்.

இவ்விஷயத்தில் லொறிக்காரரின் பக்கம் மெய்யான நியாயம் இருக்கும் இடம் ஒன்று உண்டு. ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த லொறிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கின்றது. பிடித்த கரியை அது 600 பாகை அளவு உஷ்ணத்தில் தானே எரித்துத் துப்புரவாக வேண்டும். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கும், அங்கிருந்து ஆலைக்குமாக நின்று நின்று ஓடும் குறும்பயணங்களில் அவ்வளவு உஷ்ணம் ஏறுவதில்லை. வடிகட்டி அடைகின்றது, விளக்கு எரிகின்றது, லொறி நடுவழியில் சக்தியிழந்து தவழ்கின்றது. புதிய வடிகட்டியின் கிரயமோ சிறு முதலாளி ஒருவரைக் கடனாளியாக்கும். அப்பொழுது வடிகட்டியைக் குடைந்தெறிந்து, அது இருப்பதாகவே கம்பியூட்டரை நம்பவைக்கும் மென்பொருளை ஏற்றுவதுதான் வழியென்று அவருக்குக் காட்டப்படுகின்றது. அவருடைய சங்கடத்தை நான் உணர்கின்றேன். அந்தப் பரிகாரத்தை ஏற்க என்னால் இயலவில்லை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012இல் தீர்மானித்தது. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை நமது ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே பிரதான வீதியின் இரு கரையிலும் வாழ்கின்றன. பள்ளிவாசலும் பாடசாலையும் வைத்தியசாலையும் அவ்வீதியோரத்தில்தான். வடிகட்டியில் தங்க வேண்டிய கரி, சுபஹு தொழுகைக்கு நடந்துபோகும் முதியவரின் நெஞ்சிலும் பாடசாலை வாசலில் நிற்கும் பிள்ளையின் நெஞ்சிலும் போய்த் தங்குகின்றது.

புகைப் பரிசோதனை இருக்கின்றதே என்று சிலர் சமாதானம் கூறலாம். 2008இல் இந்நாட்டில் ஆரம்பமான அத்திட்டம் நல்லது. ஆனால் பாரமின்றி நிறுத்திவைத்த லொறியின் மிதியை அழுத்தி அளப்பதே அங்கு முறையாகையால், மலையேற்றத்தில் கரி கக்கும் இஞ்சின் அங்கே ஒழுங்காக நடந்துகொள்ளக் கூடும். பரிசோதனைச் சாலையில் ஒரு முகமும் வீதியில் வேறு முகமும் காட்டும்படி வொக்ஸ்வாகன் கம்பனி சுமார் 1 கோடியே 10 இலட்சம் வாகனங்களில் மென்பொருள் வைத்திருந்தது 2015இல் வெளியானபோது, உலகம் அதைப் பெருங்குற்றமென்றே கண்டது.

ஆகவே என் அபிப்பிராயம் இது. பாரம் ஏற்றும் டேர்போ லொறிக்குக் குழாய் மாற்றத்தினால் வரும் பிரயோஜனம் அற்பம்; மென்பொருளினால் வருவது மெய்யானது, ஆனால் அது இஞ்சினின் ஆயுளிலிருந்தும் ஊராரின் மூச்சிலிருந்தும் எடுத்துக் கொடுக்கப்படுவது. லொறி சக்தி குறைந்துவிட்டதென்று காணும் சகோதரர்கள் முதலில் நெற்தூசியும் மணலும் அடைத்த எயார் பில்டரைப் பாருங்கள். இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர்க் குழாய் வெடித்திருக்கின்றதா என்று தடவிப் பாருங்கள். இன்ஜெக்டர்களைக் கலிபரேஷனுக்குக் கொடுங்கள். வடிகட்டி இருந்தால், அது அடையுமுன் வாரத்தில் ஒருமுறையேனும் லொறியை நீண்ட தூரம் நிறுத்தாமல் ஓட்டி அது சூடேற இடங்கொடுங்கள். இவ்வளவும் செய்த பின்னரும் கம்பியூட்டரில் கைவைக்க யாராவது முன்வந்தால், பாரத்தோடு பதினெட்டு வளைவு ஏறி, புகையின் உஷ்ணத்தை மானியில் அளந்து காட்டும்படி அவரிடம் கேளுங்கள். அதற்கு இசையாதவரிடம் லொறியின் சாவியைக் கொடுக்காதீர்கள்.